பிளக்கை உருவியாச்சு

சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்குத்தான் என்று சொன்னால் எங்கள் வீட்டில் அது ஒரு குற்றம். என் வீட்டுக்காரர் ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். தனியாகக் கடை இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம்? அவரைவிட வயதான ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, மூடியைக் கழற்றி, மேஜை நடுவில் குடிவைத்துவிட்டார். மழைக்காலம் முழுக்க நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். தூக்க இரண்டு ஆள் வேண்டும், இருந்த இடத்தை விட்டு நகராது, யாரும் எதுவும் சொல்லக்கூடாது. அதனால் அதற்கு நான் வைத்த பெயர் மாமியார்.

"பழசை அப்படியே சரிபண்ணினா போதாதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"சரிபண்றது வேற, ஏத்திக் கட்டுறது வேற. உனக்குப் புரியாது."

உள்ளே பின்பக்கம் இரண்டு கெப்பாசிட்டர்கள். கரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சத்தம் கூடும்போது அள்ளிக் கொடுக்கிற டப்பாக்கள். பழசு இரண்டும் உப்பி, பிசின் மாதிரி எதையோ கக்கியிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்று மடங்கு பிடிக்கிற புதுசு வாங்கி நட்டார். ஒவ்வொன்றும் பால் டின் அளவு. "பேஸ் அடிச்சா தரை அதிரும் பாரு" என்று ஒரே பூரிப்பு. தரை கிடக்கட்டும், இந்த மனுஷன் மண்டை ஒருநாளாவது அதிராதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் சாப்பிட வருவதாக இருந்தாள். மேஜையைக் காலிபண்ணுங்கள் என்று வாரம் பூராவும் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். ஞாயிறு காலையிலும் எங்கள் வீட்டுத் துரை அந்தப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலை முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்து நின்றேன்.

"எடுக்கிறீங்களா, இல்ல நானே வாசல்ல தள்ளட்டுமா?"

"கத்தாதம்மா. இதோ, பிளக்கை உருவியாச்சு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நான் புடிக்கிறேன், அதுதான் கனம். நீ பின்னாடி அந்த ரெண்டு டப்பாவையும் சேர்த்துப் புடி."

பிளக் நாற்காலி மேல் கிடந்தது. நானும் பார்த்தேன். குனிந்து கையை நீட்டினேன்.

அப்போதுதான் பழைய கடுப்பு ஒன்று கிளம்பியது. கல்யாணமான புதிதில் இவர் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் குண்டு பல்பு. ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். "திறந்து கிடக்கிற பெட்டியை நம்பாதே. பிளக்கை உருவினாலும் உள்ள கரண்டு நிக்கும். முதல்ல பல்பை வச்சுக் காட்டு, அப்புறம் கை வை." பல்பு வைக்காமல் ஏதோ ஒரு பெட்டியைத் தூசு தட்டிவிட்டேன் என்று இதே நாத்தனார் முன்னால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என் கையில் அந்தப் பல்பு ஒருமுறைகூட எரிந்ததில்லை.

"பல்பு எங்க?" என்றேன்.

"ஐயோ, இப்பவா? அவ வந்துடுவா."

"ஏன், சட்டம் எனக்கு மட்டும்தானா? உங்களுக்குக் கிடையாதா?"

வீம்புக்குத்தான் எடுத்தேன். சத்தியமாக வீம்புக்குத்தான். ஒரு வயரை இந்த டப்பாவின் மேல் திறந்து கிடந்த திருகில் வைத்தேன், இன்னொன்றை அந்த டப்பாவின் திருகில்.

சடக்கென்று ஒரு பொறி பறந்தது. பல்பு எரிந்தது. பிளக் அங்கே நாற்காலியில் கிடக்கிறது, இங்கே என் கையில் பல்பு எரிகிறது. எரிந்துகொண்டே இருந்தது.

"அடேயப்பா!" என்றார். முகமெல்லாம் பல். "எவ்வளவு நேரம் நிக்குது பாத்தியா! இதுக்குத்தான் பெருசா போட்டேன்!"

பல்பு சிவந்து, மங்கி, ஒருவழியாக அணைந்தது. அதற்கப்புறம்தான் அவர் பிளக்கைப் பார்த்தார். பிறகு என் ஈரக்கையை, அதில் கிடந்த வளையலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ரெசிஸ்டர்..." என்றார். "மிச்ச கரண்டை வடிச்சு விடுறது. புதுசு போடலாம்னு காலைல வெட்டி எடுத்தேன். போட மறந்துட்டு..."

"மறந்துட்டீங்களா? என்கிட்ட புடின்னு சொல்ல மட்டும் ஞாபகம் இருந்துச்சா? அந்தப் பல்பு இருந்த இடத்துல என் கை இருந்திருக்கும்! அப்பவும் பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்களா, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு?"

சமாதானம் ஏதாவது சொல்லியிருந்தால் பல்பு அவர் தலையில் உடைந்திருக்கும். வாசலில் பழப்பையோடு நாத்தனார் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது.

"என்ன அண்ணி, தெருவுக்கே கேக்குது. இந்தப் பெட்டிக்கா இவ்வளவு சண்டை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இன்னைக்கு நான் உன் அண்ணியைக் கொன்னிருப்பேன்" என்றார்.

அப்புறம் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் உட்கார்ந்து, டப்பாவுக்கு ஒன்றாக இரண்டு ரெசிஸ்டரையும் பற்றவைத்தார். ஈயம் இரண்டு தடவை மேஜையில் சிந்தியது. பிளக்கைச் செருகினார், உருவினார், கொஞ்சம் பொறுத்து, "இப்ப எல்லாம் வடிஞ்சிருக்கும்" என்றார். நாத்தனார் என் தோளைத் தொட்டு, "விடுங்க அண்ணி, அதான் தப்பை ஒத்துக்கிட்டாரே" என்றாள்.

ஒத்துக்கொண்டால் ஆயிற்றா? பல்பை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"வச்சுக் காட்டுங்க."

வைத்தார். எரியவில்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.