பாக்கஸின் முதுகு

ஃபுளாரன்ஸ் நகரத்துச் சிற்பி பெத்தோ ஒரு வெண்கல பாக்கஸை வார்த்தான். மதுவுக்கு அதிபதியான அந்தத் தேவனுக்குத் தலை இடப்பக்கம், இடுப்பு வலப்பக்கம், பாதம் வேறெங்கோ. மனிதன் எவனாவது அப்படி நின்றால் சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த வருஷம் அதற்குப் பெயர் அழகு.

சுற்றி வர வர, அடிக்கு ஒரு புது உருவம் தெரிய வேண்டும், அதுதான் வித்தை. மெழுகில் முறுக்கி, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, வெண்கலம் ஊற்றினான். முதுகுக்கு மட்டும் அரமும் உளியுமாகப் பதினோரு மாதம். தோளிலிருந்து குதிகால் வரை ஒரே நெளிவு.

செய்யச் சொன்ன மது வியாபாரி லொத்தியேரி தன் வீட்டு முற்றத்துச் சுவரிலிருந்த மாடத்தைக் காட்டினார்.

"இதுக்குள்ள வெச்சுடு."

"ஐயா, முற்றத்து நடுவுல வெக்கணும். சுத்தி வந்து பாக்கறதுக்குன்னே செஞ்சது."

"அங்க என் சம்சாரம் துணி காயப்போடுவா. எனக்கு வீட்டுல சாப்பாடு வேணும்ப்பா."

"முதுகுக்கே பதினோரு மாசம் ஆச்சுய்யா!"

"யார் செய்யச் சொன்னா? நம்ம கோயில் மாடத்துல நிக்கற புனிதர்களுக்கெல்லாம் முதுகா இருக்கு? அவங்க சொர்க்கத்துக்குப் போகலியா?"

தர்க்கத்தில் பெத்தோ தோற்றான். ஆனால் சிலையை நிறுத்தும் வேலை அவனுடையது. சிலையை ஊருக்குக் காட்ட லொத்தியேரி வைத்த விருந்து நாளன்று காலை, அவர் கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம், பாக்கஸின் முகத்தைச் சுவருக்குத் திருப்பி, பாதத்து முளைகளைக் கல்லில் இறக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டான். இனி இடித்தால்தான் திரும்பும்.

மாலையில் விருந்தினர்களை வரவேற்றது ஒரு வெண்கலப் பின்புறம். லொத்தியேரியின் முகம் அவர் விற்கும் சரக்கின் சிவப்புக்கு வந்தது. பிஷப்பின் தங்கை மகன் ஒருமுறை ரோமாபுரி போய் வந்தவன். ஆகவே கலை தெரிந்தவன். தங்களுக்கு அது பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"அடடா! உலகமே வேணாம்னு திரும்பி நிக்கறாரு. என்ன துணிச்சல்!"

"நான்தான் அப்படி வெக்கச் சொன்னேன்," என்றார் லொத்தியேரி.

தூணோரம் நின்ற பெத்தோவின் காதில் முதுகுப் புராணம் ஒரு மணி நேரம் தேனாகப் பாய்ந்தது. பிறகு அடுத்த வீட்டுப் பட்டு வியாபாரி உகுச்சோனே வந்து தோளில் கை போட்டார்.

"எனக்கும் ஒண்ணு பண்ணுப்பா. இதே முதுகு."

"சுத்திப் பாக்கற மாதிரிங்களா?" பெத்தோவுக்கு உயிர் வந்தது.

"சேச்சே! சுவர்ப் பக்கம் யாரு பாக்கப் போறா? முகம் வேணாம், விடு."