எலி வாய் வைத்த பைகள்

முதலில் வந்தவை எறும்புகள்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து கதவு நிலை வரை சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா குனிந்து பார்த்தாள். அங்கே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்று ஊறி உப்பியிருந்தது. பிரித்தால், உள்ளே இரண்டு பைகள் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. இரண்டின் மூலையிலும் ஓட்டை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை. எந்த ஓட்டை எதனால் விழுந்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். இது பல்.

அந்தப் பைகளில்தான் தம்பியின் உயிர் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் பாதிக் கட்டடங்களை ஏறி இறங்கியவன். நாற்பத்தொரு வயதில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வயிற்றில் குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒரு பை சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரை அதன் வழியே உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வடித்தெடுக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் கட்டி, முழங்கை வரை கை கழுவி, அக்காதான் செய்வாள். ஏற்கெனவே ஒருமுறை கிருமி உள்ளே போய்ப் படாத பாடு பட்டாயிற்று. இன்னொரு முறை வந்தால் குழாயை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தால், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி மெஷின்தான். அதைத் தாங்க அவன் இதயத்துக்குத் தெம்பில்லை.

அந்த அறையில் எலி என்றதும் அக்கா அன்றைக்கே கடைக்கு ஓடினாள்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே பொறி வைத்தாள். பசை அட்டை விரித்தாள். இரண்டு நாள் ஒன்றும் சிக்கவில்லை, பசையில் அவள் செருப்புதான் ஒட்டியது. மருந்து அடிக்கிறவரை வரவழைத்தாள். அவர் வாசலிலேயே நின்று, "சாக்கடை எலிம்மா. பைப் வழியா வருது" என்றார். சாக்கடை மூடியைச் சுற்றி நீல விஷ வில்லைகளை வைத்துவிட்டு, "ஒரு வாரத்துல தடமே இருக்காது" என்று கிளம்பினார்.

மறுநாள் இன்னும் மூன்று பைகள் போயின.

அடுத்த லோடு வரப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையில் இருந்த பை பத்து நாளைக்குக்கூடக் காணாது. பை அனுப்பும் கம்பெனிக்கு எத்தனை முறை போன் போட்டாலும், "ஸ்டாக் இல்லைங்க" என்று அதே குரல். பெட்டிகளைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி மேல்வீட்டம்மாவிடம் கேட்டாள். எலி கூடவே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே வந்த அக்கா ஆத்திரத்தைத் தம்பிமேல் காட்டினாள்.

"நீ பாட்டுக்கு விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திரு. நான் ஒருத்தி கெடந்து சாகறேன்."

"விட்டத்தைத்தான்க்கா பாத்துட்டிருக்கேன்" என்றான் அவன். "பெட்டிக்குப் பக்கத்துல கெடக்கற எலிப் புழுக்கையக் கொஞ்சம் கொண்டா."

காகிதத்தில் எடுத்து நீட்டினாள். தொடாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

"ரெண்டு முனையும் கூரா இருக்கு பாரு. சாக்கடை எலின்னா மொத்தையா இருக்கும். இது மேல ஏறுற ஜாதி. லிஃப்ட் ரூம்ல கேபிளக் கடிக்குமே, அதுங்க. நீ தரையில தேடற, அது தலைக்கு மேல குடும்பம் நடத்துது."

ஏசியை எடுத்துவிட்ட பிறகு சுவரில் மிஞ்சிய ஓட்டையைக் காட்டினான். அதில் அடைத்திருந்த தெர்மாகோல் பாதி தின்னப்பட்டிருந்தது. அங்கிருந்து பரண் வரை சுவரில் எண்ணெய்க் கை பட்டது போல ஒரு கறுப்புக் கோடு. தினம் நாலு தடவை அந்த அறைக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள், அதைப் பார்த்ததே இல்லை.

ஸ்டூல்மேல் ஏறினாள். பரணில், அவனுடைய பழைய காக்கிச் சட்டையையும் அவளுடைய முகக்கவசங்களையும் கிழித்துக் கட்டிய கூடு. உள்ளே ரோஜா நிறத்தில், கண் திறக்காத ஆறு குட்டிகள்.

"குட்டி இருக்குடா."

"அப்ப ஓட்டையை உடனே அடைக்காத. தாய் இங்கயே எங்கயாவது பதுங்கியிருந்தா உள்ள மாட்டிக்கும். மொதல்ல அதப் பிடிக்கணும்."

"இதுங்கள என்ன பண்ண?"

அக்கா கூட்டோடு அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். வெளியே வந்தபோது அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வெகுநேரம் கை கழுவினாள். பிறகு, பொத்தல் பையில் மிஞ்சிய தண்ணீரில் ரொட்டித் துண்டை நனைத்துப் பொறியில் செருகி, பரணிலேயே வைத்தாள்.

மறுநாள் காலை, வடித்த தண்ணீர் கஞ்சி போலக் கலங்கி வந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கிருமிதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "கொஞ்சம் வலிக்குதுக்கா" என்றான். நேற்றிலிருந்தே வலித்திருக்கிறது, சொல்லவில்லை. கலங்கிய பையைக் கூடையில் வைத்துக்கொண்டு, அவனைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது: எந்த முறை, எந்த விரல் கழுவப்படாமல் இருந்தது?

ஆஸ்பத்திரியில் பையிலேயே கிருமியைக் கொல்லும் மருந்தைக் கலந்து ஏற்றினார்கள். "நாலஞ்சு நாள் பாப்போம்" என்றார் டாக்டர். குழாயை எடுப்பீர்களா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். பொறிக்குள் தாய் எலி இருந்தது. ஒல்லி உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீளமான வால். குழாயடியில் அதன் கதையையும் முடித்தாள். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை ஓட்டைக்குள் திணித்து, மேலே சிமெண்ட் பூசினாள். இரும்பு பீரோவிலிருந்த தன் துணிமணிகளையெல்லாம் அள்ளித் தரையில் போட்டுவிட்டு, மிச்சப் பைகளை அதற்குள் அடுக்கிப் பூட்டினாள். இனி அவன் இங்கே வருவானா என்பது தெரியாமலே அத்தனையும் செய்தாள்.

மூன்றாம் நாளும் கலங்கல்தான். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் நர்ஸ் பையைத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியே, அந்தப் பக்கம் நின்ற டாக்டரின் சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரிந்தது.

"இந்தத் தடவை தப்பிச்சாச்சு. குழாய் இருக்கட்டும்" என்றார் அவர்.

அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளும் வராத அழுகை.

"நல்ல சேதிதானேக்கா. அதுக்குப் போய் ஏன் அழற?" என்றான் தம்பி.

"தெரியும்டா. நீ சும்மா படு."