மோட்டார் நின்ற பிறகு

மூன்று நாளாக அது அசையவில்லை. ஆய்வகத் தொட்டியின் அடியில், உரித்த பூண்டு நிறத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது அந்தக் குகை மீன். கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். விலாவின் இரண்டு பக்கமும் தலைமுடியைவிட மெல்லிய இழைகள். குகை இருட்டில் அது உலகத்தைத் தெரிந்துகொள்வதெல்லாம் அந்த இழைகளில் படும் அதிர்வை வைத்துத்தான்.

"மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் கணவர்.

மலைக்கு அடியில் ஓடும் நீரில் மூழ்கி, நாலாவது முயற்சியில் அதைப் பிடித்துவந்தவர் அவர்தான். அதில் காது சவ்வு கிழிந்துவிட்டது. இனி தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இதை விட்டால் வேறு கிடையாது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் குவாரிக்கு அனுமதி தரும் அதிகாரி வருகிறார். அவரிடம் இதை உயிரோடு காட்டினால் மலை பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைத்துவிடுவார்கள். பத்து வருஷம் அந்தக் குகையே கதி என்று கிடந்தவள் அவள். மூச்சுத் திணறக்கூடாதே என்று வீட்டு மீன்தொட்டியின் காற்று மோட்டாரைக் கழற்றிவந்து ராப்பகலாக ஓடவிட்டிருந்தாள்.

குச்சியால் தொட்டுப் பார்த்தாள். செவுள்கூடத் துடிக்கவில்லை.

"போயிடுச்சுங்க."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அழுகிட்டா அதுவும் இல்லாமப் போயிடும். செத்ததையாவது காட்டணும்ல?"

நல்லது செய்யக் கிளம்பியவர்களுக்கு இருக்கிற அவசரம் கெட்டவர்களுக்குக்கூட இருக்காது. மோட்டாரை நிறுத்தினாள். ஜாடியைத் தேடிக் கழுவி ஸ்பிரிட் ஊற்றக் கால் மணி நேரமாயிற்று. அதை அள்ளி உள்ளே விட்டு மூடியைத் திருகினாள். லேபிள் எழுதக் குனிந்தபோது ஜாடிக்குள் ஏதோ தட்டியது.

அது நீந்தியது. கண்ணாடியில் முட்டித் திரும்பி, மறுபடியும் முட்டியது.

"ஐயோ, உயிரோட இருக்குங்க!"

மூடி அடம்பிடித்தது. கணவர் பிடுங்கித் திறந்து தண்ணீரில் விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் அறையின் அமைதி அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். குகையில் வெள்ளம் இரைந்து வரும்போது நீந்தினால் அடித்துக்கொண்டு போய்விடும். மூச்சை அடக்கிப் பாறையோடு பாறையாகக் கிடந்தால்தான் தப்பலாம். எத்தனையோ ஆயிரம் தலைமுறை அப்படித் தப்பிப் பிழைத்த உடம்பு அது. மோட்டார் இரைச்சலை வெள்ளம் என்று நினைத்திருக்கிறது. மூன்று நாள் கழித்து வெள்ளம் வடிந்தது என்று நம்பி எழுந்திருக்கிறது.

அதிகாரி வந்து ஜாடியைப் பார்த்தார். "எப்பம்மா செத்துச்சு?"

"கொண்டு வர்ற வழியிலேயே சார்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

"இல்ல சார். இப்பதான். நான்தான் கொன்னேன்" என்று அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகையே வரவில்லை, அவமானம்தான் பிடுங்கித் தின்றது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மனுஷன் நல்லவர்தான். "ஆனா உயிரோட ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொல்லி வெடிக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது ஆறுதலாகச் சொன்னார்.

"மனசை விட்டுடாதீங்க. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் மத்ததெல்லாம் ஆழத்துக்கு ஓடிடும்."

"ஓடாது சார்" என்றாள் அவள். "ஒண்ணுகூட அசையாது."