தூணில் ஏழு, கடையில் எட்டு

பாலத்துத் தூணில் ஆற்றுத் தண்ணீர் ஏழு அடியைத் தொட்டுவிட்டது என்று அளவுக்காரர் மெகாபோனில் கத்திவிட்டுப் போனார். ஏழுக்கெல்லாம் எங்கள் தெருவில் யாரும் பாயைக்கூடச் சுருட்டமாட்டார்கள். எட்டு வந்தால்தான் சங்கு ஊதுவார்கள். உடனே கரண்டை நிறுத்துவார்கள். எல்லாரும் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட மாடிக்கு ஏறுவோம்.

அன்றைக்குச் சித்தியின் உயிர் கரண்டில்தான் இருந்தது. முன்னறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. அதற்குள் பண்ணைக்காரர் கொடுத்த இருநூறு முட்டைகள். மறுநாள் பொரிய வேண்டியவை. போன தடவை பாதி கூமுட்டையாகிப் போனதில், "இந்த முறையும் இப்படின்னா பெட்டிய நான் எடுத்துக்கிட்டுப் போயிடுவேம்மா" என்று அவர் சொல்லியிருந்தார். சித்தி நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணாடி வழியாக பல்பைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கால்வாசிகூடத் தனக்குக் கிடைத்ததில்லை என்று சித்தப்பா குறைப்பட்டுக்கொண்டார்.

டீக்கடை அண்ணன் முழங்கால்வரை நனைந்துபோய் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, என் கடைக்குள்ள தண்ணி வந்திருச்சு."

"ஏழுக்கேவா?"

"அதான் எனக்கும் புரியல. எப்பவும் எட்டுக்குத்தான் உள்ள வரும். மழைத்தண்ணியா இருக்குமோ என்னவோ."

"மழைத்தண்ணியில மீன் ஓடுமா?"

"ஓடுதுக்கா. ஆனா தூணு ஏழுன்னு சொல்லும்போது நான் எப்படி எட்டுன்னு சொல்றது?" என்றவர், பெஞ்சுகளை அடுக்கப் போய்விட்டார்.

சித்தப்பா கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். மூலையில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றுபோயிருந்தது.

"ஏன் முழிக்கிறீங்க?" என்றாள் சித்தி.

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமயா குடிக்கிற டம்ளர்ல பிரஷ்ஷ முக்குறீங்க?"

சித்தப்பா டம்ளரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கோடையில் ஆறு வற்றிக் கிடந்தபோது, அழிந்துபோன தூண் எண்களைப் புதிதாக எழுதியது அவர்தான். எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று அளவுக்காரரே பாராட்டியிருந்தார்.

"தூணோட அடியில என் பேரையும் போன் நம்பரையும் போட்டேன்."

"எல்லா போர்டுலயுந்தான் போடுறீங்க."

"அதுக்கு மேலருந்துதான் பூஜ்யத்த ஆரம்பிச்சேன்."

சித்திக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "எவ்வளவு பெருசா போட்டீங்க?"

சித்தப்பா தயங்கித் தயங்கி இரண்டு கைகளையும் ஓர் அடி உயரத்துக்கு விரித்தார். "பாலத்து மேலருந்து பார்த்தா தெரியணும்ல?"

சித்தி தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேருக்கு ஓர் அடி போனால், தூணில் ஏழு என்பது உண்மையில் எட்டு. போய்ச் சொன்னால் அடுத்த நிமிடமே கரண்ட் போகும்.

"சாயங்காலமா சொல்லிக்கலாமா? அதுக்குள்ள கொஞ்சம் முட்டையாவது ஓடு உடைஞ்சு பொரிய ஆரம்பிச்சிரும். உன் முட்டைக்காகத்தான் சொல்றேன்."

"என் முட்டைக்காகவா, உங்க பேருக்காகவா?"

ஜன்னலுக்கு வெளியே, தாழ்வான வரிசையின் கடைசி வீட்டில், போன வாரம் பிள்ளை பெற்றவள் குழந்தைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறு வேலியோடு உரசிக்கொண்டு ஓடியது. அவளும் தூணை நம்பித்தான் நிதானமாகத் துணி காயப்போடுகிறாள். சித்தி எழுந்து, சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பாலத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள். "பெட்டியப் பார்த்துக்கோ" என்று என்னிடம் சொன்னதுகூடத் திரும்பிப் பார்க்காமல்தான்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சங்கு ஊதியது. பல்பு அணைந்தது.

சித்தி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தபோது தெரு முழுக்க மூட்டைகளோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும், தூக்கிப் போனாலும் மாடியில் கரண்ட் கிடையாது. அவள் ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கடைசி நாள் முட்டை. உள்ள இருக்கிற குஞ்சுக்கே கொஞ்சம் சூடு இருக்கும். காத்துப் படாம, குலுங்காம போனாப் பிழைச்சிரும்." அப்புறம் வாசலில் நின்று கத்தினாள். "மாடிக்குப் போறவங்க எல்லாரும் இந்தப் பக்கமா வாங்க! ஆளுக்கு நாலு முட்டை, மடியில கட்டிக்கிட்டுப் போங்க!"

யாரும் மறுக்கவில்லை. யார் போய்ச் சொல்லிச் சங்கு ஊதினார்கள் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. முந்தானையில், சட்டைக்குள், தலைக்குச் சுற்றிய துண்டுக்குள் என்று முட்டைகள் கிளம்பின. டீக்கடை அண்ணனின் பனியனுக்குள் சித்தி பெட்டியிலிருந்த ஒரு தட்டு முட்டைகளையே காலி செய்தாள்.

"உங்க தொப்பைக்கு இன்னிக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு. குனியாதீங்க, சிரிக்காதீங்க."

"சிரிக்க வைக்காதீங்கக்கா."

நானும் சித்தியும் கடைசியாக வெளியே வந்தபோது தண்ணீர் எங்கள் வாசற்படியை நனைத்துக்கொண்டிருந்தது.

மாடியில் அளவுக்காரர் சித்தப்பாவை ஒரு வாங்கு வாங்கினார். "தண்ணிக்கு அடியில யாருக்குய்யா விளம்பரம்? மீனுக்கா? கடைக்குப் போர்டு எழுதச் சொல்லிப் போன் பண்ணுமா?" எல்லாரும் சிரித்தார்கள், முட்டை குலுங்காமல். சித்தப்பா மட்டும் தூண் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

விடியும்போது வகுப்பறைகள் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். எல்லாம் பொரியவில்லை. ஆனாலும், பெட்டியைத் திருப்பிக் கேட்கப் பண்ணைக்காரருக்கு வாய் வராத அளவுக்குப் பொரிந்திருந்தன. சித்தி கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். தொல்லையே அப்போதுதான் ஆரம்பித்தது. மடியில் பொரிந்ததைத் திருப்பித் தர ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"இது என் வயித்துல பொறந்ததுக்கா. எப்படித் தர்றது?" என்றார் டீக்கடை அண்ணன். பனியன் கழுத்து வழியாக ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

"பண்ணைக்காரர் கேட்டா நான் என்ன சொல்ல? சரி, ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோங்க. குஞ்சுக்குச் சூடு வேணுமே, என்ன பண்ணுவீங்க?"

"டீக்கடையில சூட்டுக்கா பஞ்சம்?"

"கடைதான் தண்ணிக்குள்ள கிடக்கே" என்றார் சித்தப்பா.

மாடியே அவரைத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா கூடையைச் சித்தி கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போனார்.