வக்கீலம்மா ஆஜர்

ஆக்னஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்னையில் பி.எல். பட்டம் வாங்கிய அன்றைக்கு ஏறின குஷி, வக்கீல் தொழில் நடத்தச் சன்னது கைக்கு வந்த பிறகும் இறங்கினபாடில்லை. இன்றைக்கு முதல் கேஸ் வேறு, கேட்க வேண்டுமா! ஆம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்த புருஷனையே எதிர்க்கட்சியாக்கி வாதாடிக்கொண்டு வந்தாள். தானியேல் பள்ளிக்கூட வாத்தியார், பாவம். காட்பாடி வருவதற்குள் மூன்று தடவை தோற்றுப்போனார்.

"எனக்குப் பசிக்குது தாயே. அத்தை வீட்ல போயி சாப்பாடு எடுத்தாந்துடறேன்," என்று வேலூர் கோர்ட் வாசலில் நழுவிவிட்டார்.

கட்சிக்காரி பட்டம்மாள். அவளுடைய கிணற்றைத் தன்னுடையது என்று பக்கத்து நிலத்து முனிரத்தினம் வழக்குப் போட்டிருந்தான். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஊறுவது அந்த ஒரு கிணறுதான். இன்றைக்கு அவள் தரப்பில் வக்கீல் ஆஜராகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும், கிணறு போச்சு.

வாசலில் கோர்ட்டு டவாலிச் சேவகர் ரத்தினசாமி வழிமறித்தார். "யாரும்மா?"

"வக்கீலம்மா."

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். "ஐயா இன்னும் வரலீங்களே. சாப்பாட்ட குடுத்துட்டுப் போங்க."

"சாப்பாடா? நான்தாங்க வக்கீலம்மா!"

"அதத்தான் நானும் சொல்றேன். வக்கீலம்மாங்க எல்லாம் அந்த மரத்தடியிலதான் ஒக்காருவாங்க."

ஆக்னஸ் பையிலிருந்து கறுப்பு கவுனை உருவிக் காட்டினாள். ரத்தினசாமி இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயாவோடதா? குடுங்க, வந்ததும் குடுத்துடறேன்."

அடக் கடவுளே! சிரிப்பதா, அழுவதா? அதற்குள் உள்ளே கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பட்டம்மாள் தரப்பு வக்கீல் யாரு?" முன்சீப்பின் குரல்.

"எங்க வக்கீலம்மா வந்துட்டாங்க சாமி! வாசல்ல நிக்கிறாங்க!" என்றாள் பட்டம்மாள்.

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. "வீட்டம்மா வந்து என்னம்மா பண்றது? வக்கீல் வரணுமே," என்று முன்சீப் பேனாவை எடுத்தார்.

ஆக்னஸ் குனிந்து ரத்தினசாமியின் கைக்கடியில் நுழைந்தாள், ஓடினாள். ஓடிக்கொண்டே கவுனில் ஒரு கையை மாட்டினாள், இன்னொரு கை அகப்படவில்லை. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எங்கே போயிற்றோ!

"வக்கீலே நான்தானுங்க! ஆஜர்!"

முன்சீப் வக்காலத்தைப் புரட்டினார். "டி. ஆக்னஸ், பி.எல்." ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யார் வீட்டு வக்கீலம்மா?"

"பட்டம்மாளோட வக்கீலம்மாங்க."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதான். இன்னொரு கையையும் நுழைச்சிக்கிட்டு ஆரம்பிங்க."

ஆரம்பித்தாள். கிணற்றுப் பத்திரத்திலிருந்த நாலெல்லையை அவள் படிக்கப் படிக்க முனிரத்தினத்தின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. ஒவ்வோர் எல்லைக்கும் பட்டம்மாள் தலையை ஆட்டினாள். ஆக்னஸுக்குப் பறக்கலாம் போலிருந்தது. நாலாவது எல்லைக்கு வரும்போது வாசலிலிருந்து ரத்தினசாமியின் குரல் கணீரென்று கேட்டது.

"வாங்க வக்கீலய்யா! அம்மா உள்ள பேசிக்கினு இருக்காங்க. சாப்பாட்ட குடுத்துட்டு, போயி அந்த மரத்தடியில ஒக்காருங்க!"