விசாலத்தை எங்கே விடுவது

1944 ஜூன் மாதம் ஷ்யாமளாவுக்குப் பம்பாய் மாட்டுங்காவில் ரேஷன் ஆபீஸில் வேலை கிடைத்தது. யுத்த காலம். கார்டு எழுத ஆள் போதாமல், மெட்ரிக் தேறிய பெண்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவன் சந்திரமௌலி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் வேறு ஆள் கிடையாது. நாலு வயது மகள் விசாலத்தைப் பகலில் எங்கே விடுவது என்று தெரியவில்லை.

“நீயே போய்ப் பாத்துட்டு வா. இன்னும் ரெண்டு வருஷத்துல பள்ளிக்கூடம் போகணும். அதுக்குத் தயார் பண்ற இடமா இருக்கட்டும்” என்றான் சந்திரமௌலி.

முதலில் பார்த்தது தாராவி எல்லையில், தகரக் கூரை போட்ட ஒரு கூடம். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்த பார்வதியம்மாள் என்பவர் அதை நடத்தினார். தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் உள்ளே வரை வந்தது. இருபது குழந்தைகள் இருந்தார்கள். ஒருத்தி ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, எண்ணிக்கை தப்பென்று சண்டை போட்டார்கள். விசாலம் அம்மாவின் கையை உதறிவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் தாகம் என்றாள். அங்கே உதவிக்கு இருந்த முருகம்மாள் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தை வாய் வைப்பதற்குள் ஷ்யாமளா அதைத் தட்டிவிட்டாள். தண்ணீர் முருகம்மாளின் புடவையில் கொட்டியது.

“இங்கே எந்த மாதிரி குழந்தைகள்லாம் வரது?” என்று ஷ்யாமளா கேட்டாள்.

பார்வதியம்மாளுக்குக் கேள்வி புரிந்தது. “நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைங்க வருதுவ” என்று மட்டும் சொன்னார்.

அடுத்துப் பார்த்தது ஒரு பங்களாவின் கீழ்த்தளம். பளபளவென்று துடைத்த பெஞ்சுகளில் குழந்தைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தன. ஒரு சத்தமில்லை. ராஜலக்ஷ்மி டீச்சர் விரலை உயர்த்தியதும் எல்லாம் ஒரே குரலில் ஏ முதல் இஸட் வரை சொல்லி நிறுத்தின. “ஆறே மாசத்துல உங்க குழந்தை இங்கிலீஷ்ல பாட்டுச் சொல்லும்” என்றாள் டீச்சர். ஷ்யாமளாவுக்கு அந்த அமைதி பிடித்துப் போயிற்று. அன்றே சேர்த்துவிட்டாள்.

விசாலம் மூன்றே மாதத்தில் பாட்டுச் சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். ஆனால் விட்டுப்போன பழக்கம் திரும்பி, படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். காலையில் பங்களா வாசலில் அம்மாவின் புடவைத் தலைப்பை விடமாட்டாள். செல்லம் அதிகம் என்று ஷ்யாமளா விரல்களைப் பிரித்து உள்ளே அனுப்புவாள்.

செப்டம்பரில் ஒருநாள், கார்டு விசாரணைக்காக அந்தத் தெருவுக்குப் போனவள், பங்களா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். விசாலம் மூலையில் நின்றிருந்தாள். வாயைச் சுற்றி ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. கவுன் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மற்றக் குழந்தைகள் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஷ்யாமளா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இப்போது அழைத்துப் போனால் எங்கே விடுவது, தற்காலிக வேலையாயிற்றே என்றெல்லாம் நினைத்தாள். அதெல்லாம் சமாதானம்தான். உள்ளே வேறு இரண்டு தாய்மார்கள் நல்ல பட்டுப் புடவையில் உட்கார்ந்து டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் நனைந்து நிற்கிறதே, அது என் குழந்தை என்று அவர்கள் எதிரில் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கம்பியை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். ஐந்து மணி வரை கார்டு எழுதினாள்.

சாயங்காலம் தலை வாரும்போது விசாலம் கேட்டாள். “அம்மா, மத்தியானம் நீ வந்தியே. ஏன் போயிட்டே?”

“நான் வரலையே.”

“சரி” என்றாள் குழந்தை. அழுதிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, விசாலத்தை அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனாள். பார்வதியம்மாள் பழையதைப் பேசவில்லை. “ரெண்டு நாள் நீங்களும் இங்கனயே இருங்க. அம்மா பக்கத்துல இருக்கான்னு பிள்ளைக்குத் தெரியணும்” என்றார்.

முருகம்மாள் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஷ்யாமளா அவளிடம் போனாள்.

“அன்னிக்கு நான் பண்ணினது ரொம்பத் தப்பு. மன்னிச்சுடுங்கோ.”

முருகம்மாள் நிமிரவில்லை. “எம் மவன் பாத்துக்கிட்டு நின்னாம்மா. அந்த அம்மா ஏன் தட்டிவிட்டாவன்னு கேட்டான். கை தவறிட்டுன்னு சொன்னேன். பிள்ளைகிட்ட அப்படிப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு.” துணியை உதறிக் கொடியில் போட்டாள். “உங்க பிள்ளைய நான் நல்லாப் பாத்துக்கிடுவேன். அதுல உங்களுக்கு யோசனை வேண்டாம்.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஷ்யாமளா உள்ளே வந்தாள்.

திரும்பும் வழியில், ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து குழந்தையின் முகத்துக்கு நேரே சொன்னாள். “நேத்து நான் வந்தேன். உன்னைப் பாத்தேன். பாத்துட்டும் போயிட்டேன். வரலைன்னு சொன்னது பொய்.”

விசாலம் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, “எனக்குத் தெரியும்” என்றாள்.

முதல் வாரம் அவள் அந்தக் கூடத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் முருகம்மாள் மகனோடு சண்டை போட்டாள். பார்வதியம்மாள் அதை ஒரு நல்ல செய்தியாக ஷ்யாமளாவிடம் சொன்னார். படுக்கை நனைவது தீபாவளிக்குள் நின்றது.

1946 ஜூனில் மாட்டுங்காவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர்க்கப் போனார்கள். தலைமை ஆசிரியை கேட்டதற்கெல்லாம் விசாலம் பதில் சொன்னாள். சுவரில் இருந்த படத்தைக் காட்டித் தானும் இரண்டு கேள்வி கேட்டாள். தலைமை ஆசிரியை சிரித்தார். “நன்னாத் தயார் பண்ணியிருக்கேள். எங்கே படிச்சது?”

“இங்கேதான்… பக்கத்துல ஒரு இடத்துல” என்றாள் ஷ்யாமளா. சொல்லும்போதே காது சுட்டது.

“தாராவியில” என்றாள் விசாலம் உரக்க. “பார்வதி டீச்சர் சொல்லிக் குடுத்தா. முருகம்மா அத்தையும் சொல்லிக் குடுத்தா.”

தலைமை ஆசிரியை நிமிர்ந்து ஷ்யாமளாவைப் பார்த்தார்.

“ஆமாம்” என்றாள் ஷ்யாமளா. “தாராவியிலதான்.”