அணைத்த பிறகும் கேட்ட குரல்

முப்பத்துநான்கு வருடம் கடை கடையாகப் போய் எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை வைத்தவன் நான். எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. என் அப்பாவும் அப்படித்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் வீட்டுக்கென்று ஒரு கௌரவம் உண்டு.

வீடு தேடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரை முகம் வாடும்படி பேசக் கூடாது என்பது அதில் ஒன்று. விருந்தாளியை எழுப்பி அனுப்பிய பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. காது போன பிறகு இது எனக்குச் சுலபமாகிவிட்டது. வலது காது முழுதும் அவுட். இடது காதில் மெஷின். பிடிக்காத பேச்சு வந்தால் விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பொத்தானை மூன்று நொடி அழுத்துவேன். எல்லாம் அடங்கிவிடும். "அத்தான் கடையைச் சாத்திட்டார்" என்பான் மைத்துனன். அதையும் அவன் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் சீட்டாட்டம். நான், மைத்துனன், மூன்றாவது வீட்டு மருந்துக்கடைக்காரர், கட்டட கான்ட்ராக்டர். கான்ட்ராக்டரை நண்பர் என்று சொல்ல முடியாது. காலை நடையில் பழக்கமானவர். ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்ததால் வந்து சேர்ந்தவர்.

என் மருமகள் வேறு இனம். மகன் வேலை பார்த்த இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய், கல்யாணமும் செய்துகொண்டு அழைத்து வந்தான். நல்ல கறுப்பு, சுருண்ட முடி, என்னைவிட அரைச் சாண் உயரம். ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை. ஒருநாள் காலை நான் வெளியே கிளம்பும்போது, தமிழை ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்து, "மாமா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள். அப்படிச் சொல்லும் தைரியம் என் மகனுக்கே கிடையாது. அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழாம் மாதம். டீயை வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிக் கதவோரம் நின்றாள். கான்ட்ராக்டர் சீட்டைக் கலைத்தபடியே ஆரம்பித்தார்.

"சார், பேரன் பொறக்கறதுக்குள்ள கூடத்துல பெரிய பல்பா மாத்திடுங்க. இல்லேன்னா பட்டப்பகல்லயே புள்ளையத் தேட வேண்டியிருக்கும்."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"நம்ம சைட்ல இவங்க ஆளுங்க இருபது பேர் இருக்கானுங்க. எல்லாம் ஒரே மூஞ்சி. மாட்டை அதட்டுற மாதிரி அதட்டினாத்தான் வேலை நடக்கும். ஐயையோ, மருமகளைச் சொல்லல சார்! அது நம்ம பொண்ணு மாதிரி."

என் விரல் காதுக்குப் போனது. மருமகள் கான்ட்ராக்டரைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நொடி. மின்விசிறியின் கிறீச்சிடல் நின்றது. மைத்துனன் கோப்பையைத் தட்டில் வைத்தான், ஓசையில்லை. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. "எல்லாம் ஒரே மூஞ்சி சார்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, என் காதுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல் பேசியது. மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அப்போதும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கான்ட்ராக்டர் வாயை மூடிக்கொண்டு சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மாடிப்படியில் யாரோ செருமினார்கள். "யாருய்யா அது?" என்றேன். "நான்தான் சார்" என்றது அந்தக் குரல். எழுந்து போய்ப் பார்த்தேன். படியில் யாருமில்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மெஷின் மேசைமேல் கிடந்தது.

அந்த வாரத்தில் மருமகளின் குரல் எனக்குக் கேட்காமல் போயிற்று. உதடு அசையும், சத்தம் வராது. பத்து நாளில் மகன் குரலும் அப்படியே ஆனது. மெஷின் விற்ற கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தாள்.

"எல்லா பீப் சத்தத்தையும் கரெக்டா சொல்றீங்களே சார். இப்ப வார்த்தை வரும். கேட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

வீடு என்றது. மரம் என்றது. பால், கதவு, மழை. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் அதே செருமல்.

"பத்துக்குப் பத்து!" என்றாள்.

"பேசினது யாரும்மா?"

"ரெக்கார்டிங் சார். என் குரல்தான்."

மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பிறந்தது பேத்தி. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மருமகள் குழந்தையை என் பக்கம் நீட்டினாள். நான் குனிந்தேன். குழந்தை முகத்தைச் சுருக்கி, ஈறு தெரிய வாயைத் திறந்தது. எல்லாரும் சமாதானப்படுத்துவதுபோல் கையை ஆட்டினார்கள். அழுகிறது என்று தெரிந்தது. எனக்குக் கேட்டது செருமல். பிறகு கான்ட்ராக்டரின் சிரிப்பு. அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையின் நிறத்தைப் பார்த்து நான் ஒதுங்கியதாக நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? துணியை இழுத்து மூடிக்கொண்டு அறைக்குள் போனாள். சாயங்காலம் மகன் தன் போனில் எழுதிக் காட்டினான்: "அடுத்த மாசம் வேற வீட்டுக்குப் போறோம்பா. அவ உங்க மேல கோபமா இல்ல. பயப்படுறா."

என் வீட்டுப் பெண் என் வீட்டில் பயப்படுகிறாள் என்பதைப் படிக்கவே எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் பொம்மைப் பொட்டலத்தோடு வந்தார். மைத்துனனும் மருந்துக்கடைக்காரரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைக் காட்டும்படி மகன் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, மருமகள் குழந்தையோடு வெளியே வந்து நின்றாள். கான்ட்ராக்டர் நாற்காலியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"அடடே! கண்ணு ரெண்டும் இல்லேன்னா புள்ள எங்க இருக்குன்னே தெரியாது போல!"

என் விரல் தானாகக் காதுக்குப் போய்விட்டது. மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கினேன். எழுந்து நின்றேன்.

"எழுந்திருங்க" என்றேன். கேட்டது அவர் குரல். பேசுவது நானா, அவரா? தொண்டையில் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. நான்தான். கையை எடுக்காமலே மேலே சொன்னேன்.

"இது என் பேத்தி. அது என் மருமகள். அவங்க ஆளுங்கன்னா நானும் அதுல ஒருத்தன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாயை மூடிட்டு இருந்தது என் தப்பு. இந்த வீட்டுல இனிமே உங்களுக்கு நாற்காலி கிடையாது. கிளம்புங்க."

அத்தனையும் என் காதுக்கு அவர் குரலிலேயே, செருமலோடு வந்தது. மற்றவர்களுக்கு என்ன கேட்டதோ தெரியாது. கான்ட்ராக்டர் முகம் தொங்கியது. "என்ன சார், விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்..." என்று உதடு அசைந்தது. மைத்துனன் என் கையைப் பிடித்தான். உதறினேன். கான்ட்ராக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மருந்துக்கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் பின்னாலேயே போனார்.

கதவைச் சாத்தியதும் காதுக்குள் ஒன்றுமில்லை. ஒரு சொல் இல்லை. பிறகு எங்கிருந்தோ மின்விசிறியின் கிறீச்சிடல் வந்தது. தெருவில் ஒரு வண்டி ஹாரன். அப்புறம் மெல்லிசாக, கோபமாக, பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு அழுகை. என் பேத்தியின் குரலை அன்றுதான் கேட்டேன்.

"கேக்குதாப்பா?" என்று மகன் காதருகே கத்தினான்.

"கேக்குதுடா. கத்தாத."

வேறு வீடு பார்த்ததை அவர்கள் ஒரேயடியாக விட்டுவிடவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மைத்துனன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்.

மருமகளின் குரல் என் எதிரில் இன்னும் வரவில்லை. உள்ளறையில் அவள் குழந்தையைக் கொஞ்சுவது கேட்கிறது. நான் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் உதடு மட்டும்தான் அசைகிறது. மெஷினில் கோளாறு இல்லை. என் காது செய்கிற வேலையா, அவளே சத்தம் கொடுக்காமல் இருக்கிறாளா என்று மகனிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் விசாரிக்கவில்லை.

தினமும் காலையில் டீயை என் முன்னால் வைத்துவிட்டு, நேராகப் பார்த்து, நாலைந்து வார்த்தை சொல்கிறாள். தினமும் அதே வார்த்தைகள்தான். முதல் வார்த்தை "மாமா" என்பதுவரை படித்துவிட்டேன்.